பேச்சித்தாய் செய்து காட்டிய குறட்டை

இலஞ்சிக் குமாரர் துணை

இலஞ்சி
15.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. இங்கே நானும் வள்ளியும் சுகம். நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் உங்களுக்காகப் பேனா பிடிக்கிறேன். முதல் இரண்டு மாதம் போன் கிடையாது, கடிதம் மட்டும் எழுதலாம் என்று சிகிச்சை மையத்தில் சொன்னபோது, இந்தக் காலத்தில் இது என்ன வழக்கம் என்று எரிச்சல் வந்தது. ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மாவுக்குத் தமிழ் பேச வருமாம், வாசிக்க வராதாம். அதனால் வருகிற கடிதத்தை நீங்களே குழுவில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டுமாம். இருபது பேர் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் பெண்டாட்டி என்னத்தை எழுதுவாள்? இருக்கட்டும். அங்கே இருக்கும் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் என் வணக்கம்.

உங்களைக் கொல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, ரயிலில் எதிர் சீட்டில் ஒரு குடும்பம் குற்றாலத்துக்கு வந்துகொண்டிருந்தது. எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று கேட்டார்கள். ஐந்தருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள் என்று சொன்னேன். செங்கோட்டையில் இறங்கும்போது அந்த அம்மா, நீங்கள் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரரைப் புது வேலையில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்றேன். யோசிக்காமலே வந்தது அந்தப் பொய்.

மறுநாள் வீட்டைப் புரட்டிப் போட்டேன். உங்கள் பழைய பூட்ஸுக்குள் இரண்டு மாத்திரை அட்டை. தோப்பு மோட்டார் ரூமில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் மூன்று. வள்ளியின் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒன்று. அதை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். தீபாவளிக்கு முன்னாலேயே பார்த்தாளாம், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எடுத்து ஒளித்துவைத்தாளாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. எல்லா அட்டையிலும் பேட்ச் நம்பர் பார்த்தேன். எல்லாம் நம் மெடிக்கலில் இருந்து போனவைதான்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் அடுக்கிய ரேக்கையே மறுபடி அடுக்குகிறேன். வீட்டுக்கு வந்தால் பூட்டிய பீரோவைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். நேற்று வள்ளி, “யம்மா, நீ நடக்கத பாத்தா எனக்குத் தல சுத்துது, ஒரு எடத்துல இரு” என்று கத்திவிட்டாள்.

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். இனிமேல் டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த வலி மாத்திரை நம் கடையில் யாருக்கும் கிடையாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற பேச்சே இல்லை. நேற்று நம் தோப்பில் தேங்காய் பறிக்கும் இசக்கிமணி வந்தான். வேர்த்து ஊற்றுகிறது, மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி விடுகிறான். சாரலில் நனைந்து சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். “மதினி, அண்ணாச்சி எனக்கு ஏதாச்சும் குடுத்துட்டுப் போனாவளா?” என்றான். பறிகூலியைக் கேட்கிறான் போல என்று, ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்த மாத்திரையின் பேரைச் சொன்னான். சீட்டு இருக்கா என்றேன். இல்லை. அப்படியானால் கிடையாது என்று அனுப்பிவிட்டேன். இன்றும் வந்தான், இன்றும் அனுப்பிவிட்டேன். உங்களுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு என் கையால் நேரக்கூடாது.

உங்களுக்குப் போர்வையும் தைலமும் பார்சல் அனுப்பியிருக்கிறேன். வள்ளி உங்களுக்கு எழுத மாட்டேன் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. குமாரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனேன், என்ன கேட்பது என்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதைக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செல்வி


இலஞ்சிக் குமாரர் துணை

இலஞ்சி
28.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைக் குழுவில் வாசிப்பதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒருமுறை வாசியுங்கள். பக்கத்தில் கவுன்சிலர் அம்மா இருக்கட்டும். பிறகு வாசிப்பதும் வாசிக்காததும் உங்கள் இஷ்டம்.

இசக்கிமணி இறந்துவிட்டான். போன திங்கட்கிழமை, பட்டப்பகலில், வீட்டில்.

மூன்று நாளாக இந்த வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். போன கடிதத்துக்கு நீங்கள் போட்ட பதில் அன்றைக்குத்தான் வந்தது. போர்வை கிடைத்தது, கை நடுக்கம் குறைந்திருக்கிறது என்று நான்கு வரி எழுதியிருந்தீர்கள். கடைசியில், இசக்கிமணி வந்தால் அவனிடம் கொஞ்சம் பேசு என்று ஒரு வரி. அதை நான் வாசித்தபோது அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி பேச்சித்தாயை உங்களுக்குத் தெரியும், பீடி சுற்றுகிறவள். முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்து அழவில்லை. உட்காருங்க அக்கா என்று பாயைத் தட்டிப் போட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“வலியில மூணு மாசமா ராத் தூக்கமில்லாத மனுசன் அக்கா. அன்னைக்கு வெளிய போய்ட்டு மத்தியானம் வந்து படுத்தாவ. கொஞ்சம் குடிச்சிருந்தாவ. செத்த நேரத்துல குறட்டை. கொறகொறன்னு தண்ணிக்குள்ள மூச்சு இழுக்க மாதிரி. நல்லாத் தூங்குதாவளேன்னு நான் டி.வி. சத்தத்தக் கொறச்சு வச்சேன். பக்கத்துலயே உக்காந்து பீடி சுத்துனேன். ஒரு கட்டு முடிச்சுட்டு நிமிந்து பாத்தா சத்தமே இல்ல. இப்பத்தான் அசந்து தூங்குதாவன்னு அதுக்குப் பொறவும் ஒரு கட்டு சுத்துனேன் அக்கா.”

அவள் கையில் இருந்த பீடி இலையை மடக்கினாள், பிரித்தாள், மடக்கினாள்.

பிறகு எழுந்து போய், இலை வைக்கும் டப்பாவில் இருந்து காலி அட்டைகளை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். ஒன்பது அட்டை. எட்டு நம் கடை பேட்ச். ஒன்று மட்டும் வேறு. அன்றைக்கு எங்கேயோ வாங்கியது.

பங்குனியில் நம் தோப்பில் மரத்தில் இருந்து விழுந்து அவனுக்கு இடுப்பு அடிபட்டதே, அப்போது நீங்கள்தான் முதலில் கொடுத்தீர்களாம். நம் தோப்பில் விழுந்தவன், நம் பொறுப்பு என்று நினைத்திருப்பீர்கள். வலி தெரிந்தவர் நீங்கள். நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் உங்களுக்கு அப்படித்தானே கொடுத்தேன்? உங்கள் முதுகு ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதியது பத்து நாளுக்கு. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எடுத்துக் கொடுத்தது என் கை.

நீங்கள் கொல்லத்துக்குப் போனதும் அவனுக்கு மாத்திரை நின்றுபோயிருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் இல்லாமலே துடித்திருக்கிறான். அப்போதுதான் நம் கடைக்கு வந்தான். வேர்வையும் கொட்டாவியும் எதனால் என்று பார்மசி படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டிலேயே நான் பார்த்ததுதானே அது. சளி என்று நினைத்தேன். சீட்டு இல்லை என்று இரண்டு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அனுப்பினேன். எங்கேயோ அலைந்து கிடைத்ததும் பழைய அளவையே போட்டிருக்கிறான், மேலே பிராந்தியும். கொஞ்ச நாள் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. அத்தான், அது உங்களுக்கும்தான். அங்கே இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று பேச்சித்தாய் கடைக்கு வந்தாள். கூட்டமாக இருந்தது, அருவிக்கு வந்தவர்கள் காய்ச்சல் மாத்திரைக்கு நின்றார்கள். அவள் சத்தம் போடவில்லை. கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு, “குடுத்துப் பழக்குனதும் உங்க வீடு, இல்லன்னு அனுப்புனதும் உங்க வீடு. நடுவுல எங்க வீட்டு ஆளு போய்ட்டாவ. நான் யாருட்ட போய்க் கேக்க?” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். வந்தவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். என்ன கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை, பிறகு பயந்துபோய் எல்லாச் சீட்டையும் மறுபடி சரிபார்த்தேன்.

இதை உங்களுக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். அங்கே மனசு உடைந்துவிடும், வெளியே வந்த பிறகு சொல் என்று என் அண்ணன் சொன்னார். ஆனால் நம் வீட்டில் மறைத்தது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது பேசுங்கள். தனியாக உட்காராதீர்கள்.

செல்வி


இலஞ்சிக் குமாரர் துணை

இலஞ்சி
20.07.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கவுன்சிலர் அம்மா போனில் கூப்பிட்டார். கடிதம் வாசித்த மறுநாள் நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கேட் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்களாம். பேச்சித்தாய் காலில் விழ வேண்டும், போலீசிடம் போக வேண்டும் என்று சொன்னீர்களாம். யாரும் தடுக்கவில்லை, கேட்டும் பூட்டவில்லை என்றார். சாயங்காலம் மழை வந்ததும் பெட்டி நனைகிறதே என்று உள்ளே போனீர்களாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு போனை வைத்துவிட்டு அழுதேன்.

தயவுசெய்து இருங்கள் அத்தான். இப்போது பாதியில் வந்தால் அவள் காலில் விழுவீர்கள், அவள் உதறுவாள், நீங்கள் தோப்புக்குப் போவீர்கள். அங்கே என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஆறு வாரம்தான். போலீசிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இலஞ்சி, குற்றாலம், தென்காசி, செங்கோட்டை என்று மெடிக்கல்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தோம். எஸ்.ஐ., மருந்து ஆய்வாளர், நம் ஊர் நர்ஸம்மா உமாராணி, மகளிர் குழுப் பெண்கள். தென்காசியில் கடை வைத்திருக்கும் சந்தானகிருஷ்ணன் சார்தான் எங்கள் பக்கத்துக்குத் தலைவர். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை இல்லை என்று எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி போர்டு வைக்கலாம் என்றார். கை தட்டினார்கள். டீ வந்துவிட்டது.

அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து பேச்சித்தாய் எழுந்தாள். அவள் வந்ததையே நான் கவனிக்கவில்லை. “போர்டு வச்சா ஆச்சா சார்? சீட்டு இல்லன்னு சொன்ன கடையில இருந்துதான் எங்க வீட்டு ஆளு கெளம்புனாவ. எங்கயோ ஒரு எடத்துல கெடச்சுது. ஒடம்பு நடுங்கிக்கிட்டு வாரவன்ட்ட இல்லன்னு மட்டும் சொன்னா அவன் வீட்டுக்கா போவான்?” என்றாள்.

நானும் எழுந்தேன். அந்தக் கடை என்னுடையதுதான் என்றேன். என் வீட்டுக்காரருக்கு டாக்டர் நிறுத்திய பிறகும் இரண்டு வருஷம் கொடுத்தேன். கடைசி எட்டு மாதம் அவரே எடுத்தார், ஸ்டாக் குறைவது தெரிந்தும் பதிவேட்டில் யார் யார் பேரையோ எழுதி நிரப்பினேன். அவர் அதில் இருந்து இசக்கிமணிக்குக் கொடுத்தார். இப்போது அவர் கொல்லத்தில் சிகிச்சையில் இருக்கிறார், ஊரில் சொன்னதுபோல வேலையில் இல்லை. இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

சந்தானகிருஷ்ணன் சார் பக்கத்தில் வந்து, “ஏம்மா, சபையில வச்சு நம்ம தொழில் மானத்தையே வாங்கிட்டியே” என்றார். மருந்து ஆய்வாளர் எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. எஸ்.ஐ. என் வாக்குமூலம் வாங்கினார். நீங்கள் சிகிச்சை முடிந்து வந்ததும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார். கூட வருவேன்.

கூட்டம் அதோடு முடியவில்லை. போர்டு வைப்பதோடு, சீட்டில்லாமல் கேட்டு வருகிறவரை உட்காரவைத்துப் பேச வேண்டும், உமாராணி நர்ஸம்மாவுக்குப் போன் போட வேண்டும், அவர் டாக்டரிடம் கூட்டிப்போவார் என்று பேசி முடித்தார்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் வலி மாத்திரைகளை வாங்கி வைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சந்தானகிருஷ்ணன் சார் அங்கே வந்தார். அவர் வீட்டம்மா பாலாம்பாளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதில் மிச்சம், ஃப்ரிட்ஜில் இருந்ததாம். ஒரு மஞ்சள் பை நிறைய. என்னைப் பார்த்தார், பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

கடை மூடியதில் இருந்து வீட்டில் இருக்க முடியவில்லை. உமாராணி நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்றேன். பேச்சித்தாயும் வருகிறாள் என்றார். முதல் நாள் அவள் முன்னால் போனாள், நான் பத்தடி பின்னால் நோட்டீஸ் பையோடு. என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. வீட்டு வாசலில் நான்தான் முதலில் பேசுவேன், மூச்சு மந்தமாகும், உதடு நீலமாகும், கண்மணி சின்னதாகும் என்று. பெண்கள் தலையை ஆட்டுவார்கள், உள்ளே குக்கர் விசில் அடித்தால் போய்விடுவார்கள்.

மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் பேச்சித்தாய் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றாள். “எங்க வீட்டு ஆளு செத்தப்ப எப்படிக் குறட்டை விட்டாவ தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து, அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டினாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, இடைவெளி நீண்டு நீண்டு, கடைசியில் சத்தமே இல்லாமல் நின்றாள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. “இது தூக்கம் இல்ல. இப்படிக் கேட்டா எழுப்புங்க. எந்திரிக்கலன்னா 108-க்குப் போன் போடுங்க. ஒரு பக்கமாச் சாச்சுப் படுக்க வைங்க. மூச்சு நின்னா வாயில ஊதுங்க. போலீஸ் வருமோ, தெரு பேசுமோன்னு இருந்துராதீய” என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இதை முறிக்க ஊசி இருக்கிறது, சீக்கிரம் கொண்டுபோனால் போதும் என்று மட்டும் கடைசியில் சொல்வேன். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை, பீடிக் கம்பெனி இலை வாங்கும் இடம், ஆலங்குளம் போகிற பஸ் நிற்கும் இடம் என்று எங்கெல்லாம் பெண்கள் கூடுகிறார்களோ அங்கெல்லாம் அவள் அந்தக் குறட்டையை விடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அதைச் செய்யும்போது அவளுக்கு எப்படி இருக்கும்? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வள்ளி ஒரு வரி எழுதச் சொன்னாள். நான் அடிக்காமல் அப்படியே எழுத வேண்டுமாம்: “அப்பா, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.”

எனக்கும் அதுதான்.

செல்வி


இலஞ்சிக் குமாரர் துணை

இலஞ்சி
26.08.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசலாம் என்று அனுமதி வந்த பிறகும் கடிதம் எழுதுகிறேன். போனில் நீங்கள் ம் ம் என்கிறீர்கள், நானும் சாப்பிட்டீர்களா என்கிறேன். எழுதினால்தான் எனக்கு வருகிறது.

ஒன்பது நாளில் வந்துவிடுவீர்கள். இங்கே சீசன் கூட்டம் குறைந்துவிட்டது, அருவியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கடையைத் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. பழைய வாடிக்கை பாதிப்பேர் வரவில்லை. சிலர் வந்து என் முகத்தைப் பார்க்க மட்டும் ஒரு தலைவலி மாத்திரை கேட்கிறார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் அதில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நான்கு பேரை நர்ஸம்மா டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு பேர் திரும்ப வரவில்லை, அவர்கள் வீட்டுக்கு நாளை போக வேண்டும். ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்யாணச் சமையல் செய்யும் செல்லச்சாமி அண்ணாச்சியைத் தெரியுமல்லவா, மேலத்தெருவில் இருப்பவர். அண்டா தூக்கித் தூக்கி இடுப்பு போனவர். அவரும் அந்த மாத்திரையில்தான் இருந்திருக்கிறார், நம் கடை இல்லை, வேறு எங்கோ. வியாழக்கிழமை முகூர்த்தம் முடிந்து பதினோரு மணிக்கு வந்து ஹாலில் படுத்தாராம். அவர் மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரேஷன் கடையில் பேச்சித்தாயைப் பார்த்து முதலில் சிரித்தவளே இவள்தானாம், அவளே சொன்னாள். உள்ளே இருந்து சத்தம் கேட்டதும் கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மாமனாரைத் தொட்டுக்கூடப் பேசாத பெண், கன்னத்தில் அடித்து எழுப்பியிருக்கிறாள். எழவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குப் போன். ஆட்டோக்காரர் முஃபீத் தெருமுனையில் நின்றிருக்கிறார், அவரும் பஸ் நிற்கும் இடத்தில் அந்தக் குறட்டையைக் கேட்டவர். மூச்சு நின்று நின்று வரும்போது அவர்தான் வாயில் ஊதினார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சாயங்காலம் கண் விழித்தார்.

நாங்கள் பார்க்கப் போனோம், நானும் பேச்சித்தாயும். செல்லச்சாமி அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். “தெருவெல்லாம் கூட்டி வச்சு என் மானத்த வாங்கிட்டிய, செத்தே போயிருப்பேன்” என்றார். பேச்சித்தாய் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “பேசுங்க அண்ணாச்சி, நல்லா ஏசுங்க. ஏசுததுக்கு உசுரோட இருக்கியல்லா” என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, நான் துக்கத்துக்குப் போன அன்றைக்கு அழாத அழுகையை அங்கே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாயவில்லை. ஆனால் தள்ளியும் உட்காரவில்லை.

பஸ்ஸில் வரும்போது, நீங்கள் வரப்போகும் தேதியைச் சொன்னேன். “வரட்டும். வந்து எம் முன்னால நிக்கட்டும். நான் ஏசுவனோ, கும்பிடுவனோ, எனக்கே தெரியல” என்றாள். நல்லது கெட்டது என்று இதில் ஒன்றையும் சேர்க்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். போய் நிற்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு ஸ்டேஷன். இரண்டுக்கும் நான் வருவேன், ஆனால் உங்களுக்குப் பதிலாகப் பேச மாட்டேன்.

இன்னும் ஒன்று. இதை நினைத்துத்தான் நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. நீங்கள் வரும்போது ஆபரேஷன் செய்த முதுகும் கூடத்தான் வரும். சாரல் குளிரில் அது வலிக்கும். டாக்டரிடம் பேசியிருக்கிறேன், உடற்பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் தென்காசிக்குப் போக வேண்டும், வேறு வகை மருந்து இருக்கிறது, அதை அவர்தான் தருவார், என் கடையில் இருந்து வராது. இதெல்லாம் சரி. ஆனால் வலி முழுசாகப் போகாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

இத்தனை நாளில் எனக்கு ஒன்று புரிந்தது, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் நீங்கள் வலிக்குது செல்வி என்று சொன்ன உடனே நான் எழுந்து போய் மாத்திரை எடுத்தேன். அக்கறை என்று நினைத்தேன். பாதி அக்கறைதான். மீதி, நீங்கள் முனகுவதை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. பட்டாளத்து வண்டி கவிழ்ந்த அன்றைக்கு என்ன ஆனது, கூட இருந்தவர்கள் யார், அவர்களில் யார் திரும்பவில்லை என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும், நீங்கள் தூங்கிவிடுவீர்கள், எனக்கு நிம்மதி. அந்தக் கதையை நான் ஒருநாளும் முடிவு வரை கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வாருங்கள் அத்தான். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பொல்லாத ஆசை வந்தால் அதையும் சொல்லுங்கள். தவறி ஒருநாள் போட்டுவிட்டாலும் என்னிடம் சொல்லுங்கள், தோப்புக்குப் போய்விடாதீர்கள். நான் கத்துவேன், அழுவேன், அது என் பாடு. ஆனால் இனிமேல் பாதியில் எழுந்து போக மாட்டேன். விடியும் வரை ஆனாலும் சரி, அந்த வண்டி கவிழ்ந்த இடத்தில் இருந்து நீங்கள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

குமாரர் உங்களை வழியில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். செங்கோட்டை ஸ்டேஷனில் நானும் வள்ளியும் நிற்போம்.

உங்கள்
செல்வி